லயத்துக்கு வந்த பெட்டிகள்

இலங்கை மலையகத்துத் தொழிலாளி தன் உடம்போடு சுமந்த முதல் எழுத்து தகரத்தில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டு பிறந்த சமயம். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாமிலும், பின்னால் மண்டபம் முகாமிலும், தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட ஆட்களிடம் ஆளுக்கொரு தகர வில்லையைக் கொடுத்தார்கள். வில்லையில் மாவட்டத்தைக் குறிக்க எழுத்து, தோட்டத்தைக் குறிக்க எண். அதைக் கொண்டுவந்தவரின் கோச்சி (ரயில்) கட்டணமும் வழிச் சாப்பாடும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் பெயரில் ஏறும். தோட்டம் அதை, ஆட்களைத் திரட்டிய பெரிய கங்காணியின் கணக்கில் எழுதும். பெரிய கங்காணி ஆளின் தலையில் கடனாக இறக்குவார். வில்லையைச் சுமந்தவர்களில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

நான் வரலாறு படித்தவனல்ல. ஹட்டன் டவுனில் ரேடியோவில் தொடங்கி, டிவி, போன் என்று வந்து, இப்போது டெப் என்கிற பலகைக் கணினி வரைக்கும் திருத்துகிற கடைக்காரன். அப்பா போட்ட மேசைதான் இன்னும் கிடக்கிறது. பரீட்சை முடிவு வருகிற மாதங்களில் பிள்ளைகள் வந்து, "மாமா, கெம்பஸ் போறேன். கோச்சியில கொண்டு போகவும் வேணும், வீட்டில படிக்கவும் வேணும். எந்த டெப் வாங்கலாம்?" என்று கேட்பார்கள். கடைக்காரன் விலைப்பட்டியலை நீட்டிவிட்டுப் போகலாம். ஆனால் இந்த மலைக்கு எந்தப் பெட்டி வந்தாலும் அது நிலைத்ததா, மூலையில் கிடந்ததா என்பதை மழையும் மின்சாரமும் சம்பளமும் மொழியும்தான் தீர்மானித்தன. இன்னொன்றும் உண்டு. அதில் எழுதுகிறவர் யார், எழுதப்படுகிறவர் யார் என்பது. அந்த ஐந்தையும் சொல்லாமல் டெப் பற்றிப் பேச எனக்கு வராது.

தோட்டத்துக்குள் வந்து சேர்ந்த பிறகு ஆளைப் பற்றிய எழுத்து செக்ரோல் என்ற பெயர்ப் பதிவுப் புத்தகத்துக்கு மாறியது. விடியலில் தப்புப் பறை அடிபடும். பிரட்டுக் களத்தில் வந்து நின்றவர்களை மலைக்கு அனுப்புவார்கள். கேட்ட அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். அந்தப் பேர் விழுகிற புத்தகம் கணக்கப்பிள்ளையின் கக்கத்தில் இருந்தது. மாதம் முடிய அது ஆபீசுக்குப் போய்க் கிளாக்கரின் பேரேட்டில் ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்தை நடத்தும் துரை எழுதித் தரும் துண்டு வேண்டும். இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவருக்கு ஆட்களை விட்டுத் தருகிறோம் என்பதுதான் அந்தத் துண்டின் சாரம். 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். தகரமோ, துண்டோ, செக்ரோலோ, எல்லாமே தொழிலாளியைப் பற்றி வேறொருவர் எழுதிய எழுத்து.

என் தாத்தா நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் தபால்காரராக இருந்தார். கோச்சிப் பாதை 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்த பிறகு தபால் வேகமாக மலை ஏறியது. ஆனால் தபாலகத்திலிருந்து தோட்டத்துக்குக் கால்நடைதான். தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு தாத்தா நடப்பார். சீமையிலிருந்து துரைக்கு வரும் கடிதங்களும் பத்திரிகைகளும் பங்களாவுக்குப் போகும். ஊரிலிருந்து தொழிலாளிக்கு வரும் கடுதாசி ஆபீசில் நிற்கும். அதைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், சில சமயம் நாள் கழித்துக் கொடுப்பார்கள். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் காம்பராவுக்கு இலக்கமும் கிடையாது, தெருவும் கிடையாது. பெயர், தோட்டம், டிவிஷன், தபாலகம், அவ்வளவுதான் முகவரி. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கடுதாசி நாலு வீடும் ஏறி இறங்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் வாசிக்கக் கேட்டு, அவரிடமே பதிலும் எழுதி வாங்க வேண்டும். அந்தரங்கம் என்பது அந்தக் காலத்து லயத்துக்கு எட்டாத சாமான்.

அச்சு எழுத்து தோட்டத்துக்குள் வந்தது இன்னும் கஷ்டப்பட்டு. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடலாம் என்ற காலத்தில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரியைப் போல மூட்டையோடு தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்து எழுதினார். 'தேசபக்தன்' என்ற பத்திரிகையை நடத்தினார். 1931இல் ஹட்டனுக்கே வந்து தொழிற்சங்கம் வைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாட்டாகவே விஷயத்தைச் சொன்னார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அது ஒரு வழி. காதால் கேட்டு மனத்தில் பதிந்ததை எந்தக் கணக்கப்பிள்ளையும் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அந்த வழியில்தான் ரேடியோவும் வந்தது.

கொழும்பில் 1925இல் ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது. ஆரம்பத்தில் மலையில் ரேடியோ இருந்த இடம் துரை பங்களாதான். வால்வு வைத்த பெரிய பெட்டி, அதற்கு மின்சாரம் வேண்டும். பல தோட்டங்களில் தேயிலை ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் தனி மின்பொறி இருந்தது. லயத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கையின் நீர்மின்சாரம் பிறந்ததே எங்கள் மலையில்தான். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர மஸ்கெலியா, களனி ஆறுகளின் நீர்ச்சக்தி பற்றி 1918இல் கட்டுரை எழுதி, நீரைக் கொண்டே நாட்டுக்கு வெளிச்சம் தரலாம் என்று வாதாடினார். லக்சபான மின்நிலையம் இயங்கியது 1950இல். 1960களில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வந்தன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வறட்சி ஆண்டுகளில் நீர் இறங்கும்போது அங்கே கோயில் கட்டடம் வெளியே தெரியும், ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள். இத்தனை நடந்தும், மின்கம்பிகள் தலைக்கு மேலே கொழும்பை நோக்கிப் போயின. பல லயங்களுக்குள் பல்பு எரிந்தது 1990களில். சில இடங்களில் அதற்கும் பிறகு.

ஆகவே லயத்துக்கு வால்வு ரேடியோ வரவில்லை. டிரான்சிஸ்டர்தான் வந்தது. நாலு பெட்டரி போட்டால் பாடும், தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். அப்பா 1960களில் கடை போட்டதே அதை நம்பித்தான். தீபாவளி முற்பணம் கையில் விழுந்த வாரம் கடை நிறைந்துவிடும். ஆட்கள் எதைப் பார்த்து வாங்கினார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சத்தம் எவ்வளவு என்று முதலில் பார்ப்பார்கள், ஏனென்றால் ஒரு ரேடியோ ஒரு காம்பராவுக்கு இல்லை, லயத்துக்கே பாட வேண்டும். எத்தனை பெட்டரி தின்னும் என்பது அடுத்தது. உறை இருக்கிறதா என்பது மூன்றாவது. உறை இல்லாத ரேடியோவை வாங்கியவர்கள் பூப்போட்ட துணியில் தாங்களே தைத்துப் போட்டார்கள்.

அந்த உறை அலங்காரமில்லை. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றர். வைகாசி பிறந்தால் தென்மேல் பருவமழை மாதக்கணக்கில் நிற்காது. மழை விட்டால் பனிமூட்டம். காம்பராவுக்குள் காயாத துணி தொங்கும். ரேடியோவைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருக்கும், பெட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருக்கும். அதனால் ஆட்கள் ரேடியோவை அடுப்புக்கு மேலே தட்டில் வைத்தார்கள். ஈரம் போனது, பதிலுக்குப் புகைக் கரி ஏறியது. நான் தொழில் பழகிய காலத்தில் முதலில் கற்றது பற்றவைப்பு இல்லை, பிரஷ்ஷால் கரியைத் தட்டி, திரவம் போட்டுப் பூஞ்சணத்தைத் துடைப்பது.

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்குக் கடல் கடந்தும் ரசிகர்கள் இருந்தார்கள். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர் தமிழ்நாட்டுக்கும் தெரியும். லயத்தில் அதற்கு இன்னொரு மதிப்பு. தபாலட்டையில் விருப்பப் பாடல் கேட்டு எழுதுவார்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லி எழுதுவார்கள். பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை, டயகம என்று தோட்டத்து ஊர்களின் பெயரும், அங்கே இருக்கிற பாட்டி, மாமன், அத்தை பெயரும் வானொலியில் வரிசையாக வரும். செக்ரோலில் மட்டும் எழுதியிருந்த பெயர், கடனுக்காக அல்லாமல் சந்தோஷத்துக்காக உரக்க வாசிக்கப்பட்டது அங்கேதான். அந்தத் தபாலட்டையை ஆட்கள் தாங்களே எழுதினார்கள், அல்லது பள்ளிக்கூடம் போகிற தங்கள் பிள்ளையைக் கொண்டு எழுதினார்கள்.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மலையிலிருந்து கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு எங்கள் ஆட்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் வைத்தார்கள். போகிறவர்கள் ரேடியோவைக் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காசு வாங்கிப் போவார்கள். அப்பாவின் அலுமாரியில் பழைய ரேடியோக்கள் நிறைந்ததும், வாங்க வசதியில்லாதவர்களின் வீட்டுக்கு முதல் ரேடியோ வந்ததும் அந்த வருஷங்களில்தான். ஒரு வீட்டுப் பிரிவு இன்னொரு வீட்டுப் பாட்டானது. அப்பா அந்தப் பெட்டிகளின் அடியில் விற்றவரின் பெயரைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிச் சாமான் கடைகளில் குவிந்தது. மலையகப் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். திரும்பி வரும்போது டூ-இன்-வன் கொண்டுவந்தார்கள், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது. கேட்க மட்டுமே இருந்த பெட்டியில் முதல்முறையாகப் பதிவு செய்யும் சிவப்புப் பொத்தான். கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய்விட்ட உறவுகளுக்கு ஆட்கள் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். எழுதத் தெரியாத பாட்டி அதில் அரை மணி நேரம் பேசுவார், வேறொருவரின் கை தேவைப்படவில்லை. அறுந்த கேசட் நாடாவை ஒட்டித் தரச் சொல்லி வந்தவர்களிடம் அப்பா காசு வாங்கியதில்லை.

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தது. அதன் ஒளிபரப்புக் கோபுரத்தை நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை உச்சியில் நிறுத்தினார்கள். கோபுரம் எங்கள் தலைக்கு மேலே, லயத்தில் மின்சாரம் இல்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கார் பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டிவி. பெட்டரி இறங்கினால் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவந்து சார்ஜ் பண்ண வேண்டும். எங்கள் கடையின் பின்பக்கத்தில் அப்படிப் பெட்டரிகள் வரிசையாக நின்றன. வெள்ளிக்கிழமை வந்தால் கூட்டம், ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்க. 1983 ஜூலைக் கலவரத்தில் நுவரெலியா டவுன் எரிந்தபோது எத்தனையோ கடைகளோடு ஆட்கள் திருத்தக் கொடுத்திருந்த சாமான்களும் சாம்பலாகின. அதைக் கேட்ட பிறகு, அப்பா கடையில் கிடந்த பெட்டிகளை உடையவர்களிடம் திருப்பிக் கொடுத்து முடிக்கும் வரை தூங்கவில்லை.

தொலைபேசி பங்களாவிலும் ஆபீசிலும் மட்டும் நின்ற காலம் நீண்டது. லயத்து ஆள் ஒருவர் கொழும்புக்கு அவசரமாகப் பேச வேண்டுமென்றால் டவுனுக்கு நடந்து வரவேண்டும். இலங்கையில் கையடக்கத் தொலைபேசி 1989இலேயே வந்துவிட்டது, ஆனால் அது பணக்காரர்களின் சாமான். மலைக்கு முதலில் பரவலாக வந்தது 2000களின் நடுவில் வந்த சிடிஎம்ஏ போன். மேசையில் வைக்கும் போன்தான், ஆனால் கம்பி வேண்டாம். சமிக்ஞை எந்த மூலையில் கிடைக்குமோ அந்த மூலையில் முக்காலி போட்டு வைத்தார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்த பையன்கள் மிஸ்ட் கோல் கொடுத்துச் செய்தி சொன்னார்கள். ஒருதரம் அடித்தால் வந்து சேர்ந்தேன், இரண்டு தரம் அடித்தால் காசு அனுப்பிவிட்டேன். பிறகு கைப்போன் மலிந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் அதை ஷொப்பிங் பேக்கில் சுற்றி, இடுப்பில் கட்டும் படங்குக்குள்ளே செருகிக்கொண்டார்கள். ரேடியோவுக்குத் தைத்த பூத்துணி உறையின் வேலையை இப்போது அந்தப் பிளாஸ்டிக் பை பார்த்தது.

டெப்பின் கதை உலகத்தில் பழையது. அமெரிக்காவில் அலன் கே என்பவர் 1972இலேயே பிள்ளைகள் கையில் வைத்துப் படிக்கக்கூடிய பலகைக் கணினி ஒன்றை எழுத்தில் வரைந்துவிட்டார். அதை எல்லாரும் வாங்கும் பொருளாக்கியது 2010இல் வந்த ஐபேட். 2011இல் இந்தியா மாணவர்களுக்கென்று 'ஆகாஷ்' என்ற மலிவு டெப்பை அறிமுகப்படுத்தியது. பேச்சு பெரிதாக இருந்தது, பெட்டி மெதுவாக ஓடியது. ஹட்டனுக்கு முதலில் வந்த மலிவு டெப்கள் பலவற்றில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், அல்லது எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் தெரியும். 2005இல் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' போன்களில் தமிழில் எழுத வழி செய்திருந்தது. பிறகு பெரிய நிறுவனங்களும் தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகையையும் உள்ளேயே வைத்துத் தரத் தொடங்கின. அதற்குப் பிறகுதான் டெப் எங்கள் ஆட்களுக்கு வாங்கத் தக்க சாமானானது. 2017 வாக்கில் உயர்தர மாணவர்களுக்கு அரசாங்கமே டெப் கொடுக்கப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. சர்ச்சைக்குள் சிக்கி, நாடு முழுக்கப் போகாமலே அது நின்றது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடின. பாடம் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தது. ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள், போன் அப்பாவோடு கொழும்பில். டெப் கேட்டு ஆட்கள் கடைக்கு வந்தது அப்போதுதான். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. பல தோட்டங்களில் அதோடு பேருக்குக் கேட்கும் கிலோவும் கூடியது, வேலை நாளும் குறைந்தது. சுமாரான டெப் ஒன்று அப்போது முப்பதாயிரத்துக்கு மேலே. முழு மாதமும் பேர் விழுந்தாலும் எட்டாது. நகையை அடகு வைத்தார்கள், சீட்டுப் பிடித்தார்கள், தீபாவளி முற்பணத்தை முழுசாகக் கொடுத்தார்கள். வாங்கிய பிறகு சமிக்ஞை தேடி மலை ஏறினார்கள். தேயிலை நடுவே பாறைமேல் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்திருந்ததை எல்லாரும் பார்த்தோம்.

அந்த இரண்டு வருஷத்தில் என் மேசைக்கு வந்த டெப்களைப் பார்த்துக் கற்றதைத்தான் நான் இன்றைக்கும் சொல்கிறேன். வைபை மட்டும் உள்ள டெப் மலிவாகக் கிடைக்கும். லயத்தில் வைபை ஏது? சிம் போடும் இடம் உள்ளதையே எடு. எந்தக் கொம்பனியின் சிம் என்பதைக் கடையில் தீர்மானிக்காதே, பக்கத்து வீட்டு ஆட்களின் சிம்களைப் போட்டு உன் காம்பராவுக்குள் பார்த்துவிட்டு வா. எட்டு, எட்டரை அங்குல டெப் 350 கிராம் சொச்சம். கோச்சியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு மறு கையில் வாசிக்கலாம். பதினொரு அங்குலம் அரைக் கிலோவுக்குப் பக்கம், நிற்கும் பயணத்துக்குக் கை கடுக்கும். ஆனால் பழைய வினாத்தாள் எல்லாம் ஏ4 அளவு. அது சின்னத் திரையில் இழுத்து இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். கிழமைக்கொரு தரம் வீட்டுக்கு வருகிறவருக்குப் பெரியது, தினம் பயணம் போகிறவருக்குச் சின்னது.

மெமரி கார்டு போடும் இடம் இருக்கட்டும். கெம்பஸ் வைபையில் பாடங்களை இறக்கிக்கொண்டு வந்தால் கோச்சிப் பாதையின் சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ளேயும் படிக்கலாம், லயத்திலும் படிக்கலாம். திரை உடைந்தால் கொழும்பு புறக்கோட்டையில் அந்த மொடலுக்குத் திரை கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள். பழைய டெப் என்றால் மேசையில் மல்லாத்தி வை. தட்டையாக நிற்காமல் ஆடினால் உள்ளே பெட்டரி வீங்கியிருக்கிறது, தொடாதே. மழையில் நனைந்தால் அரிசிக்குள் புதைக்காதே. ஈரம் அப்படியே நிற்கும், தவிடு சார்ஜ் துளைக்குள் போகும். அணைத்துவிட்டு, துடைத்து, காற்றுப்படுகிற இடத்தில் வை. குளிரிலிருந்து வந்ததும் அடுப்புப் பக்கத்தில் வைக்காதே, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வால்வு ரேடியோவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்த ஈரத்தோடுதான் நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

2022இல் ரூபாயின் மதிப்புச் சரிந்தது. டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது, இறக்குமதிக்குத் தடை வந்தது, மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. லக்சபானவுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு மறுபடியும் விளக்கேற்றினோம். பெரிய பெட்டரியுள்ள டெப்பை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. 2025 ஜனவரியிலிருந்து தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதியாத கருவிகளுக்குப் புதிதாக இணைப்புக் கிடைக்காது என்று விதி வந்தது. வெளிநாட்டிலிருந்து மாமன் கொண்டுவந்த டெப்பில் சிம் போடுகிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதுகிறவர் யார் என்ற ஐந்தாவது கேள்வியைச் சொல்லி முடிக்கிறேன். 2024 கடைசியில் குடிசன மதிப்பீட்டுக்கு வந்த அலுவலர்கள் கையில் டெப் இருந்தது. 1911 கணக்கெடுப்பில்தான் எங்களை இந்தியத் தமிழர் என்று தனியாக எண்ணினார்கள். இம்முறை அதோடு மலையகத் தமிழர் என்பதும் சேர்ந்திருந்தது. நல்ல விஷயம். ஆனால் தட்டச்சு செய்தது அலுவலர். சில தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதும் இப்போது மின்தராசில். நிறை தானாகக் கணக்கில் ஏறும். சாக்குக் கழிவு, தண்ணிக் கழிவு என்று கிலோவில் கைவைக்கும் பழைய சண்டை இதனால் தீரும் என்று சொன்னார்கள். தராசின் திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நான் போகிற இடத்திலெல்லாம் கேட்கிறேன். நிறுக்கிறவர் பக்கம் என்றுதான் அநேகமாகப் பதில் வரும்.

என்னிடம் டெப் வாங்கிய கெம்பஸ் பிள்ளை ஒருத்தி, லீவில் வீட்டிலிருந்தபோது அம்மாவின் கிலோவை நாளுக்கு நாள் அதில் அட்டவணையாகப் போட்டு வந்தாள். காலை நிறை, பகல் நிறை, அந்தி நிறை. சம்பளச் சீட்டு வந்ததும் ஒப்பிட்டாள். இரண்டு நாள் குறைந்திருந்தது. அம்மா டெப்பை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கிளாக்கர் புத்தகத்தைத் திறந்து பார்த்து, சரிதான் என்று அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தார். சண்டை இல்லை, கொடி பிடிக்கவில்லை. அந்த அம்மாவின் வேலைக் கணக்கு அவர் வீட்டிலேயே எழுதியிருந்தது, அதுவும் தமிழில் இருந்தது.

ஆகவே டெப் வாங்க வருகிற பிள்ளைகளுக்குப் பெட்டியை மூடும் முன் ஒரு வேலை செய்து கொடுக்கிறேன். தமிழ் விசைப்பலகையையும், அட்டவணை போடுகிற செயலி ஒன்றையும் ஏற்றி, தேதி, மலை, கிலோ, கழிவு, பேர் என்று ஐந்து தலைப்புப் போட்டு வைக்கிறேன். படிப்பு உன்னுடையது, இது வீட்டிலிருக்கிறவர்களுக்கு, லீவில் வரும்போது சொல்லிக் கொடு என்கிறேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.